அழுகை நிஜம்... அழவைத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை இரவு. சாப்பாட்டுத் தட்டோடு குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. திரையில் எட்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கோட்டு சூட்டோடு நிற்கிறான். இந்த வாரம் வெளியேறப்போவது அவனா, பக்கத்தில் நிற்கும் சிறுமியா? தொகுப்பாளர் கவரைப் பிரிக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார். மறுபடியும் கவரைப் பார்க்கிறார். பின்னணியில் முரசு ஒலிக்கிறது. கேமரா பையனின் முகத்தை நெருங்குகிறது, உதடு துடிக்கிறது. பெற்றோர் வரிசையில் அம்மா கைகூப்பிக் கண்ணை மூடுகிறார். நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். பெயர் வரப்போகிற நேரத்தில் விளம்பரம்.

“எல்லாம் செட்டப்பு” என்று வீட்டில் ஒருவர் சொல்வார். “சும்மா இருங்க, சின்னப் புள்ளைக்கு நடிக்கவா தெரியும்?” என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒன்றுக்கொன்று முரணான இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கின்றன என்பது, குழந்தைகளை வைத்து நடத்தும் ரியாலிட்டி நிகழ்ச்சிகள் உருவாகும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

மேலே சொன்ன அந்த ஒரு நிமிடத்தையே எடுத்துக்கொள்ளலாம். பையனின் உதடு துடித்தது நிஜம். முரசு ஒலி அரங்கில் கிடையாது. எடிட்டிங் அறையில் பிறகு சேர்த்தது. அம்மா கண்ணை மூடியது அதே நொடியில்தான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இப்படிப்பட்ட அரங்குகளில் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று மேடையைப் பிடிக்கும், ஒன்று நடுவர்களை, இன்னொன்று நாள் முழுக்கப் பெற்றோர் வரிசையை. மதியம் வேறொரு குழந்தை பாடியபோது நடுவர் கண் கலங்கிய காட்சி, இரவில் இந்தப் பையனின் முடிவுக்கு முன்னால் வந்து உட்காரலாம். நடுவரின் கண்ணீரும் நிஜம், பையனின் பயமும் நிஜம். இரண்டையும் இணைத்த ஒட்டு மட்டும் எடிட்டிங் மேசையில் போட்டது.

ஒரே நாளில் இரண்டு, மூன்று எபிசோடுகளுக்கான காட்சிகளை எடுத்து முடிப்பது இந்தத் துறையில் சாதாரணம். செட்டுக்கும் லைட்டுக்கும் நாள் வாடகை ஏறுகிறது. நடுவர்களின் கால்ஷீட் சில நாட்களே கிடைக்கிறது. காலையில் மேக்கப் போட்டு உட்கார்ந்த குழந்தையின் முறை வருவதற்குள் இரவாகிவிடலாம். தூக்கம் கெட்ட, பசித்த குழந்தை சீக்கிரம் அழும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். திரையில் பார்ப்பவருக்கு மட்டும் அந்தச் சோர்வு தெரிவதில்லை; அவர் பார்ப்பது தோல்விக்கு அழும் குழந்தையை.

பாட்டிலும் கொஞ்சம் கைவேலை உண்டு. அரங்கில் பதிவான குரல் மிக்ஸிங் செய்யப்பட்ட பிறகே ஒளிபரப்பாகிறது. சுருதி விலகலைச் சரிசெய்யும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997 முதலே சந்தையில் இருக்கிறது. 2010-இல் பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபேக்டர்’ நிகழ்ச்சியில் முதல்கட்டத் தேர்வுக்கு வந்தவர்களின் குரலையே திருத்தி ஒளிபரப்பியது தெரியவந்து, ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். இனி அந்த வேலை வேண்டாம் என்று நிகழ்ச்சியின் தலைவர் சைமன் கோவல் உத்தரவிட வேண்டியதாயிற்று.

திறமை பொய்யல்ல

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பாடும் பிள்ளைகளின் திறமையையே சந்தேகிப்பது பெரிய அநியாயம். சன் டிவியில் ஏ.வி.ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ காலத்திலிருந்து தமிழ்த் தொலைக்காட்சி நல்ல குரல்களைக் கண்டெடுத்து வந்திருக்கிறது. 2006-இல் விஜய் டிவி ‘சூப்பர் சிங்கர்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. சிறுவர்களுக்கான ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ அதை ஒட்டியே வந்தது. குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதன், மூச்சை எங்கே எடுப்பது, மேல் ஸ்தாயியை எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நேயர்கள் பார்த்திருக்கிறார்கள். முதல் வாரத்தில் தயங்கிப் பாடிய குழந்தை இருபதாவது வாரத்தில் சங்கதிகளை அநாயாசமாகப் போடுவது உழைப்பின் பலன். எந்த எடிட்டராலும் அதை ஒட்டிச் சேர்க்க முடியாது.

இந்த மேடைகள் கதவு திறந்துவிட்ட இடங்களும் பல. ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ மூன்றாவது சீசனில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருவர் 2023 டிசம்பரில் பட்டம் வென்றார். அதே சீசனில், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு சிறுமி பாடியபோது, தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லயன் வீடுகள் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் பலரும் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள். சினிமாப் பின்புலமோ பணமோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இப்படியொரு மேடை வேறு எங்கே கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் குரலை மட்டும் நம்பி எந்தச் சேனலும் வாரம் இரண்டு நாள் நிகழ்ச்சி நடத்துவதில்லை. பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கிடும் ‘பார்க்’ அமைப்பு ஒவ்வொரு வியாழக்கிழமையும் புள்ளிகளை வெளியிடுகிறது. அதில் ஏற வேண்டுமானால் பாட்டுக்கு வெளியே ஒரு கதை வேண்டும். அந்தக் கதையைத் தேடிப் பிடிப்பதும், வீட்டுக்கே போய்ப் படம் எடுத்து ‘ஏவி’ எனும் குறும்பதிவாகத் தொகுப்பதும் கிரியேட்டிவ் டீமின் வேலை. ஒழுகும் கூரை, ஆட்டோ ஓட்டும் அப்பா, அடகு வைத்த நகை, இறந்துபோன தாத்தா. ஒவ்வொன்றும் உண்மைதான். எல்லாப் போட்டியாளர்களின் வீட்டிலும் ஏதாவது ஒரு துக்கம் இருக்கும்; எந்தக் குழந்தையின் துக்கத்தை எந்த வாரம் எடுப்பது என்பது மட்டும் மேசையில் முடிவாகிறது.

குழந்தைக்கு மட்டும் தெரியாது

பெரியவர்கள் கலந்துகொள்ளும் ரியாலிட்டி நிகழ்ச்சியில் ஒரு சண்டை தேவைப்பட்டால், கொஞ்சம் தூண்டிவிட்டால் போதும். மீதியை அவர்களே நடித்துக்கொள்வார்கள். கேமரா இருக்கிறது என்ற உணர்வு அவர்களுக்கு எப்போதும் உண்டு. ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த வித்தை தெரியாது. அழச் சொன்னால் அது சிரிக்கும். ஆகவே அழுகை வேண்டும் என்றால், அழுவதற்கான சந்தர்ப்பத்தை நிஜமாகவே உண்டாக்கியாக வேண்டும்.

தமிழ் மேடைகளில் பலமுறை பார்த்த ‘சர்ப்ரைஸ்’ காட்சி இதற்கு நல்ல உதாரணம். அப்பா வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார்; பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. குழந்தை அப்பாவைப் பற்றிய பாட்டைப் பாடி முடிக்கிறது. அப்பாவிடம் என்ன சொல்ல ஆசை என்று தொகுப்பாளர் கேட்கிறார். குழந்தையின் குரல் தழுதழுக்கிறது. அரங்கின் விளக்குகள் அணைகின்றன. பின்கதவு திறக்கிறது, பையைத் தோளில் மாட்டியபடி அப்பா நிற்கிறார். மேடையிலிருந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் அந்தக் குழந்தையின் அழுகையை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. அப்பாவுக்கு டிக்கெட் எடுத்தது, பாட்டைத் தேர்ந்தெடுத்தது, கதவுக்குப் பக்கத்தில் கேமராவை நிறுத்தியது எல்லாம் பல நாள் திட்டம். அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது குழந்தை மட்டும்தான்.

மகிழ்ச்சியான காட்சிக்குப் பயன்படும் இதே முறை எலிமினேஷனுக்கும் பயன்படுகிறது. உயிர்த் தோழர்களாகிவிட்ட இரண்டு பிள்ளைகளை அருகருகே நிறுத்தி, உங்களில் ஒருவர் போகப்போகிறீர்கள் என்று சொல்வது தற்செயல் அல்ல. அங்கே வரும் அழுகையும் நிஜம்தான்.

2015 பிப்ரவரியில் நடந்த ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ நான்காவது சீசன் இறுதிப்போட்டியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கனடாவிலிருந்து வந்த ஈழத்தமிழ்ச் சிறுமி, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் அகதிகளாகப் புறப்படுவோர் பாடும் பாட்டைப் பாடினார். உலகம் முழுக்கத் தமிழர்கள் கண் கலங்கினார்கள். இரண்டாம் பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக மேடையிலேயே அறிவிப்பு வந்தது. அந்தத் துயரம் பொய்யல்ல. ஒரு இனத்தின் போர்க்கால இழப்பை வாக்களிப்பு நடக்கும் இரவில் ஒரு சிறுமியின் தோளில் ஏற்றலாமா என்ற கேள்வியும் பொய்யல்ல.

வாயில் வைத்த வசனம்

பாட்டில் உணர்ச்சியாவது குழந்தையுடையது. நகைச்சுவை, நடிப்பு நிகழ்ச்சிகளில் வார்த்தையே வேறு ஒருவருடையது. 2022 ஜனவரியில் ஜீ தமிழின் ‘ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியில், இம்சை அரசன் பாணியில் ராஜா, மந்திரி வேஷம் போட்ட இரண்டு குழந்தைகள் ஒரு நாட்டின் ஆட்சியைக் கிண்டல் செய்தார்கள். பணமதிப்பிழப்பு, வெளிநாட்டுப் பயணம் என்று வசனம் போனது. பிரதமரைக் குறிவைத்த கிண்டல் என்று பா.ஜ.க. புகார் செய்ய, மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனலிடம் விளக்கம் கேட்டது. கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு பக்கமும், அவதூறு பற்றி மறுபக்கமும் நாள்கணக்கில் வாதம் நடந்தது. அரசியல் கேலிக்குத் தமிழ் மேடையில் நீண்ட மரபு உண்டு. ஆனால் அந்த வசனத்தைப் பெரியவர் ஒருவர் தன் வாயால் பேசியிருந்தால் வரும் எதிர்ப்பையும் அவரே தாங்கியிருப்பார். மறுநாள் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எழுதிக் கொடுக்காமல் குழந்தையை இயல்பாகப் பேசவிடும் நிகழ்ச்சிகளும் உண்டு. சன் டிவியில் இமான் அண்ணாச்சி நடத்திய ‘குட்டீஸ் சுட்டீஸ்’ அப்படி. மழலையின் பதில்களுக்கு வீடே சிரித்தது. நிஜம் என்று பார்த்தால் இதுதான் நிஜம். ஆனால் வீட்டில் அப்பா அம்மா சண்டையை யார் முதலில் ஆரம்பிப்பார்கள் என்ற மாதிரிக் கேள்விக்கு நாலு வயதுக் குழந்தை மறைக்காமல் பதில் சொல்லும்; ஊரே கேட்கிறது என்பது அதற்குப் புரியாது. எது வரை கேட்கலாம் என்ற எல்லை கேட்பவர் கையில்தான் இருக்கிறது. சோனி டிவியின் ‘சூப்பர் டான்ஸர்’ நிகழ்ச்சியில் பெற்றோரின் அந்தரங்கம் பற்றிக் குழந்தையிடம் கேள்வி கேட்கப்பட்டதாகச் சொல்லி, அந்தப் பகுதியை நீக்கும்படி தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஜூலையில் நோட்டீஸ் அனுப்பியது.

பெரியவர்களே இல்லாத ஊர்

குழந்தைகளுக்குச் சந்தர்ப்பத்தை உண்டாக்கிப் படம்பிடிக்கும் இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது அமெரிக்கா. 2007 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி ‘கிட் நேஷன்’ என்ற தொடரைத் தொடங்கியது. 8 முதல் 15 வயது வரையிலான 40 குழந்தைகள், 40 நாள், பெரியவர்களே இல்லாத ஓர் ஊர். நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாண்டா ஃபே அருகே, சினிமாப் படப்பிடிப்புக்குப் பயன்படும் பண்ணை ஒன்றுதான் அந்த ஊர். குழந்தைகளே சமைத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், தலைவர்களை வைத்து நிர்வாகம் நடத்தினார்கள். தலைக்கு 5,000 டாலர். எபிசோடுக்கு ஒரு குழந்தைக்கு 20,000 டாலர் மதிப்புள்ள தங்க நட்சத்திரம்.

பெரியவர்கள் இல்லை என்பது கேமராவுக்கு முன்னால் மட்டும். பின்னால் ஒளிப்பதிவாளர்கள், தயாரிப்பாளர்கள், மருத்துவர், உளவியலாளர் என்று பெருங்கூட்டமே இருந்தது. அவ்வளவு பேர் இருந்தும், சமையல்கட்டில் 11 வயதுச் சிறுமியின் முகத்தில் சூடான எண்ணெய் தெறித்தது. சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த ப்ளீச்சைச் சில குழந்தைகள் தெரியாமல் குடித்தார்கள். ஊர் பொய், முகத்தில் பட்ட கொதி எண்ணெய் நிஜம். கடும் கண்டனத்துக்கு ஆளான தொடர், ஒரே சீசனோடு நின்றுபோனது.

இரண்டு வருஷம் கழித்து, 2009 அக்டோபர் 15 அன்று, கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு வீட்டிலிருந்து பறக்கும் தட்டு வடிவ ஹீலியம் பலூன் வானில் ஏறியது. ஆறு வயது மகன் அதற்குள் இருக்கிறான் என்று பெற்றோர் பதறினார்கள். ஹெலிகாப்டர்கள் துரத்தின, நாடே நேரலையில் பார்த்தது. பலூன் இறங்கியபோது உள்ளே யாரும் இல்லை. பையன் வீட்டிலேயே இருந்தான். ஏற்கெனவே ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட குடும்பம் அது. அன்றிரவு சிஎன்என் நேரலைப் பேட்டியில், கூப்பிட்டபோது ஏன் வெளியே வரவில்லை என்று பையனைக் கேட்டார்கள். அவன் அப்பாவைப் பார்த்து, இதை ஒரு நிகழ்ச்சிக்காகச் செய்ததாக நீங்கள்தானே சொன்னீர்கள் என்ற பொருள்படச் சொல்லிவிட்டான். பெற்றோர் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை அனுபவித்தார்கள். நாடகம் ஆடவில்லை என்று பின்னாளில் அவர்கள் சொல்லிவந்தார்கள். 2020-இல் ஆளுநரின் மன்னிப்பும் கிடைத்தது. ஆனாலும் போலீசாருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது, பொய்யை நெடுநேரம் தூக்கிச் சுமக்கத் தெரியாத ஆறு வயதுப் பையனின் ஒரு வாக்கியம்.

அபிமன்யுவுக்கு இருந்த பாதுகாப்பு

குழந்தைகள் மேடையேறிச் சம்பாதிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் சங்கரதாஸ் சுவாமிகளும் மற்றவர்களும் பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள் நடத்தினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் 1918-இல் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு ஆறு வயது. எம்.ஜி.ஆரும் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் வளர்ந்தவர்தான். அடியும் பசியும் கடுமையான பயிற்சியும் நிறைந்த வாழ்க்கை அது. அதைப் பொற்காலம் என்று கொண்டாட முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அபிமன்யு வேஷம் கட்டிய சிறுவன், அபிமன்யுவாக அழுதான். அரிதாரத்தைக் கலைத்ததும் அந்தத் துக்கம் அவனைவிட்டு இறங்கியது. இன்றைய மேடையில் நிற்கும் குழந்தை தன் சொந்தப் பெயரில், தன் அப்பாவின் கடனுக்கும் தன் வீட்டுக் கூரைக்குமாக அழுகிறது. கலைத்துவிட்டு வீட்டுக்குப் போக அங்கே வேஷம் எதுவும் இல்லை.

முழுக்க நிஜமாக இருப்பது மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2009-இல் ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ அரையிறுதி நேரலையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டின் நடுவே தடுமாறி, உடைந்து அழுது, இன்னொரு வாய்ப்புக் கேட்டுக் கெஞ்சினாள். எடிட்டிங் இல்லை, ஒட்டு இல்லை. கோடிக்கணக்கானவர்கள் அந்தத் தவிப்பைப் பார்த்தார்கள். பிறகு மறுவாய்ப்புக் கிடைத்தது என்றாலும், அந்த வயதில் அப்படியொரு மேடை தேவையா என்ற விவாதம் பிரிட்டனில் வெடித்தது. அதற்கு முந்தைய வருஷம் கொல்கத்தாவில் நிலைமை இன்னும் மோசம். வங்காள டிவி நடனப் போட்டியில் நடுவர்களிடம் கடுஞ்சொல் கேட்ட 16 வயதுப் பெண், சில நாட்களில் பேச்சும் கைகால் அசைவும் இழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த ஏச்சுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். நாடு முழுக்க எழுந்த அதிர்ச்சியில்தான், டிவியில் குழந்தைகள் பங்கேற்பதற்கு வழிமுறைகள் வேண்டும் என்ற பேச்சு வேகம் பிடித்தது.

ஐந்து மணி நேரம்

இப்போது சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டத்தின் 2016 திருத்தமும், அதையொட்டி வந்த 2017 விதிகளும் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கலைஞர்களாகப் பங்கேற்க நிபந்தனை விதிக்கின்றன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பு நிதியாகப் போக வேண்டும். விருப்பம் இல்லாத குழந்தையைப் பங்கேற்க வைக்கவே கூடாது. 2019 ஜூனில், பெரியவர்களுக்கான சினிமா நடன அசைவுகளைக் குழந்தைகளை ஆடவைக்க வேண்டாம் என்று ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2017-இல், இந்தி இயக்குநர் சூஜித் சர்க்கார் குழந்தைகளின் ரியாலிட்டி நிகழ்ச்சிகளையே தடைசெய்யச் சொல்லிக் கேட்டார்.

தடை வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர்கூட, ஆடிஷன் வரிசையில் நிற்கும்போது சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். ஆட்சியரின் அனுமதி வாங்கியாயிற்றா? என் பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார்? இரவு எத்தனை மணிக்கு விடுவீர்கள்? பரீட்சை வந்தால் என்ன செய்வீர்கள்? ஏவியில் வீட்டு விஷயம் எதையெல்லாம் காட்டப்போகிறீர்கள், வேண்டாம் என்றால் நீக்குவீர்களா? இதற்கு நிதானமாகப் பதில் சொல்லும் தயாரிப்புக் குழுவிடம் பிள்ளையை நம்பி விடலாம். கேட்டதும் முகம் சுளித்தால், வரிசையை விட்டு வெளியே வருவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் அதோடு பல பையன்களின் வேஷமே பறிபோனது. இன்றும் மேல் ஸ்தாயியில் ஊரை மயக்கிய சிறுவன், ஒரு வருஷம் கழித்து அதே பாட்டை எடுத்தால் குரல் பிசிறுகிறது. கொஞ்ச நாள் கத்திப் பாடாதே, கீழ் ஸ்தாயியில் மெதுவாக சாதகம் செய் என்று வாத்தியார் சொல்வார். கல்யாண வீட்டில் அவனை அடையாளம் கண்டுகொள்ளும் உறவினர்கள், அந்தப் பாட்டைப் பாடச் சொல்வார்கள். அவன் தயங்குவான். யாரோ செல்போனை எடுத்து யூடியூபில் தேடி நீட்டுவார்கள். அதில் அவனுக்கு இன்னமும் ஒன்பது வயது. கவரைப் பிரித்த தொகுப்பாளர் எதிரில் நிற்கிறார், அவன் உதடு துடித்துக்கொண்டிருக்கிறது.